பத்தடி மெஷினும் இடப்பக்கப் பொக்கற்றும்

நல்ல துணியைத் துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய துண்டுகளைத் திரும்பவும் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, அதைக் கலை என்று சொல்லும் பெண்களை நான் முதன்முதலில் மொன்றியல் புறநகரான பியர்பொன்ட்ஸில் ஒரு தேவாலய மண்டபத்தில்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆங்கிலக்காரி கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். போன முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினொரு வருடம் துணித் தொழிற்சாலையில் இருந்தவளுக்கு வெட்டிய துணி என்றால் கட்டுக் கட்டாக மேசையில் வந்து விழும் வேலை. அதைப் போய் யாராவது ஆசைக்குச் செய்வார்களா?

எங்கள் தொழிற்சாலை மூடிய வருடம் அது. வேலையெல்லாம் சீனாவுக்குப் போய்விட்டது என்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். நடிப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் அங்கே ஆண்களின் காற்சட்டையில் பின்பக்கத்து இடது பொக்கற் தைத்தவள். வலது பொக்கற் எனக்கு முன்னால் இருந்தவளுடையது. சிப் ஒருத்தி, இடுப்புப் பட்டி ஒருத்தி. காற்சட்டை முழுதாக எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கடைக்குத்தான் போக வேண்டும். தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் வேகம்தான் எங்களுக்கு எல்லாம். என்னை விட வேகமாக இடது பொக்கற் வைத்தவள் அந்தக் கட்டடத்தில் இல்லை. இதை வெட்கமில்லாமல் சொல்வேன்.

ஆகவே அந்த மண்டபத்துச் சீமாட்டிகள் ஒரு குளிர்காலம் முழுக்க இழுத்தடிக்கும் மேற்துணியை நான் ஒன்பது நாளில் பொருத்திக்கொண்டு போய் மேசையில் விரித்தேன். வாயைப் பிளந்தார்கள். எனக்குப் புளுகமும் பெருமையும் தாங்கவில்லை. ஆனால் அது பாதி வேலைதான் என்று அவர்கள் பிறகுதான் சொன்னார்கள். மேற்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஒன்றாக வைத்து மேலே கோலம்போலத் தைத்தால்தான் அது குயில்ற் ஆகும். வீட்டுத் தையல் மெஷினின் கைக்குக் கீழே ஒரு சாண் இடம்தான் இருக்கிறது. இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைப்பது பாயைத் தபால் பெட்டிக்குள் போடுகிற மாதிரி. அதனால் எல்லோரும் நீளக் கை மெஷின் வைத்திருக்கும் ஒருத்தியிடம் கொடுப்பார்கள். நானும் கொடுத்தேன். ஐந்து மாதம் காக்க வைத்தாள். திரும்பி வந்தபோது என்னுடைய சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றுக்கும் மேலால் புழு ஊர்ந்த மாதிரி ஒரே வளையம், ஒரே வளையம். எல்லோருடைய போர்வையிலும் அவள் அதே புழுவைத்தான் விடுகிறாளாம். அவர்கள் அதையும் அழகு என்று தடவிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு முடிவெடுத்தேன், சொந்தமாக ஒரு நீளக் கை மெஷின் வாங்குவது என்று. என் வேலையை இனி நான்தான் தொடங்க வேண்டும், நான்தான் முடிக்க வேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். நல்ல மனிதர், ஆனால் மற்றவர்களுடைய வாழ்க்கைக்குத் திட்டம் போடுவதில் அவருக்குத் தனி ருசி. எனக்கான திட்டம் ஏற்கனவே தயாராக இருந்தது. எங்கள் பேஸ்மன்ட்டில் ஒரு கார்டெரி தொடங்குவது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளை நான் பார்த்துக்கொள்வது. எங்கள் ஆட்களில் பலர் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"நீர் மூண்டு பிள்ளையளை வளத்தனீர்தானே," என்றார். "இன்னும் ஆறு பிள்ளையளைப் பாக்கிறது உமக்கென்ன பெரிய வேலையே?"

"மூண்டை வளத்ததாலதான் சொல்லுறன். காணும், போதும்," என்றேன்.

அவர் காதில் விழவில்லை. கார்டெரிக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பப் பத்திரம் எட்டுத் தாள், எல்லாம் பிரெஞ்சு. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டு, பெரிய எழுத்தில் எல்லாவற்றையும் அவரே நிரப்பினார். என் வயது, என் அனுபவம், எனக்குக் குழந்தைகள் மேல் இருக்கும் அளவுகடந்த அன்பு எல்லாம் அதில் இருந்தன. கடைசித் தாளில் என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். எவ்வளவு பெருந்தன்மை! மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும், தவறினால் அடுத்த வருடம்தான். பேஸ்மன்ட் ஒன்றுதான் இருந்தது. அதில் ஆறு குழந்தைகள் இருக்கலாம், அல்லது பத்தடி மெஷின் இருக்கலாம். நான் மிச்சக் காலத்துக்கு மூக்குத் துடைப்பதா, இல்லை எனக்கென்று ஒரு வேலை வைத்துக்கொள்வதா என்பது அந்த ஒரு மாதத்துக்குள் முடிவாக வேண்டியிருந்தது.

"சரி, கடையில போய்ப் பாப்பம்," என்றார் கடைசியில். "நல்ல சாமான் எண்டால் யோசிப்பம்."

எங்கள் வீட்டில் யோசிப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் ஆட்கள் பெரிய சாமான் எதையும் தனியாகப் போய் வாங்க மாட்டார்கள். கார் என்றாலும், ஃபிரிட்ஜ் என்றாலும், பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒரு கூட்டம் போக வேண்டும். அதில் விஷயம் தெரிந்தவர் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கள் வீட்டு விஷயம் தெரிந்தவர் என் கணவரின் சிநேகிதர், துறைமுகத்தில் கொன்ரெயினர் இறக்குபவர். உலகத்தில் உள்ள எல்லாச் சாமானும் அவருடைய கையால் இறங்கியதாம், ஆகவே எல்லாவற்றைப் பற்றியும் அவருக்குத் தெரியுமாம். வாழ்க்கையில் ஒரு பொத்தான்கூடத் தைத்திருக்க மாட்டார். நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், வேறு என்ன செய்வது.

ஒரு சனிக்கிழமை அவருடைய வான் வண்டியில் பாலத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருந்த மெஷின் கடைக்குப் போனோம். கடைக்காரி அறுபது வயதிருக்கும் கெபெக் பெண். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். மெஷின் கடையின் பின்பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பத்தடி நீளத்தில் இரும்புச் சட்டம், அதில் உருளைகள், உருளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, அதன் மேலே தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி மெஷின். இரண்டு பக்கமும் சைக்கிள் மாதிரிக் கைபிடி.

அண்ணை முதலில் சட்டத்தின் காலை ஒரு உதை உதைத்தார். கார் டயரை உதைத்துப் பழகிய கால். பிறகு குனிந்து கீழே தேடினார்.

"பெடல் எங்க?" என்று கேட்டார்.

பெடல் இல்லை, கைபிடியில்தான் பொத்தான் இருக்கிறது என்று கடைக்காரி காட்டினாள். அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், நானும் பெடலைத்தான் தேடினேன். ஆனால் குனியாமல், கண்ணால் மட்டும்.

"எந்த நாட்டுச் சாமான்?" என்று அடுத்த கேள்வி. பதில் வருவதற்கு முன்னமே, "இதை நான் கொன்ரெயினரில இறக்கித் தாறன். இஞ்ச காசு குடுத்து வேண்டுறது விசர் வேலை," என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். என் கணவர் பயபக்தியோடு தலையாட்டினார். கையில் அளவு நாடாவோடு இருவரும் சட்டத்தை நீளம், அகலம், உயரம் என்று மூன்று முறை அளந்தார்கள். தைப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கடைக்காரி என்னைப் பார்த்துக் கைபிடியைக் காட்டினாள். என்னுடைய பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. கெதியாக, திரும்பவும், சாப்பாட்டு நேரம், இதற்கு மேல் அதில் அதிகம் இல்லை. அவள் அதைப் புரிந்துகொண்டு மெல்ல மெல்லப் பேசினாள். நாங்கள் தைத்த மெஷினில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும், துணிதான் ஓடும். இதில் துணி படுத்திருக்கும், மெஷின்தான் அதன் மேல் நடக்கும். கை வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் தையல் ஒரே அளவில் விழுவதற்கு உள்ளே ஒரு கருவி இருக்கிறதாம்.

"அதை நிற்பாட்டு," என்றேன். பதினொரு வருடம் தைத்தவளுக்குக் கைத்தாங்கலா?

அவள் நிற்பாட்டினாள். நான் பொத்தானை அழுத்தினேன். மெஷின் கயிறு அறுத்த மாடு மாதிரிப் பாய்ந்தது. ஒரு தையல் அரிசி நீளம், அடுத்தது மணல் அளவு. நூல் இரண்டு தரம் அறுந்தது. அவள் என்னைக் கேட்காமலே கருவியைத் திரும்பப் போட்டுவிட்டாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு, "உனக்கு விருப்பமான எதையும் கீறு," என்றாள். "பூ, உன்னுடைய பெயர், எதுவென்றாலும்."

அந்த வெள்ளைத் துணி முழுக்க எனக்கு முன்னால் வந்தவர்கள் கீறியவை கிடந்தன. இதயம், மீன், பூனை, யார் யாருடைய பெயரோ எல்லாம். நான் கைபிடியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். நேராக ஒரு கோடு கீழே இறங்கியது. மூலையில் திரும்பி, நடுவில் கூராகி, திரும்ப மேலே ஏறி, நுனியில் ஒரு பின்தையல் போட்டு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது துணியில் ஆறு பொக்கற் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அளவு. ஒரு நூலிழை பிசகில்லை.

அண்ணைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தங்கச்சி, பதினொரு வருசமாத் தைச்சது காணாதே? இதுக்குப் போய்க் கண்டறியாத மெஷின்!"

என் கணவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். அவர் கடைக்காரியிடம் திரும்பி, அவளுடைய நேரத்தை எடுத்துக்கொண்டதற்குப் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மண்டபத்துப் பெண்களைப் பார்த்து எவ்வளவு சிரித்திருப்பேன்! அந்தக் கிழவிகளில் எவளும் ஒரு மணி நேரத்தில் நான் தைப்பதில் கால்வாசி தைக்க மாட்டாள். ஆனால் எவளுடைய கையும் ஒரு பூவையாவது கீறும். என் கைக்குத் தானாக ஒரு கோடு போகத் தெரியவில்லை. யாரோ வெட்டித் தந்த விளிம்பைச் சுற்றி ஓடத்தான் தெரிந்திருந்தது.

கடைக்காரி, பாவம், நிலைமையைச் சமாளிக்க நினைத்துப் பக்கத்தில் இருந்த இன்னொரு மெஷினைக் காட்டினாள். அதில் கொம்பியூட்டர் பூட்டியிருந்தது. திரையில் ஒரு வடிவத்தைத் தொட்டாள், மெஷின் யாரும் தொடாமல் தானே நடந்து இலை, கொடி, இறகு என்று கீறிக்கொண்டு போனது. என் கணவரின் கண்கள் விரிந்தன.

"உதெண்டால் சரி," என்றார். "கராஜில வைப்பம். நீர் கீழ பிள்ளையளைப் பாரும், மெஷின் தன்ர பாட்டில தைக்கும். ரெண்டும் நடக்கும்."

மொன்றியலில் தை மாதம் கராஜுக்குள் நின்றால் மெஷினின் எண்ணெயும் உறையும், என் கையும் உறையும். அதை விடுவோம். பதினொரு வருடம் என்னை மெஷினாக வைத்திருந்தார்கள். இப்போது மெஷின் நானாக இருக்குமாம், நான் ஆயாவாக இருப்பேனாம். இருவரும் பெரிய கண்டுபிடிப்புச் செய்த மாதிரி வானின் பின்பக்கத்தை அளக்க வெளியே போனார்கள்.

ஆனால் எனக்கும் அந்தக் கொம்பியூட்டர் மேல் ஆசை வந்தது என்பதை மறைக்கக் கூடாது. அதை வாங்கினால் எனக்குக் கீறத் தெரியாது என்பது ஒருவருக்கும் தெரிய வராது. மண்டபத்துக்கு இறகும் கொடியுமாகக் கொண்டு போய் விரிக்கலாம். கடைக்காரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நினைத்திருந்தால் அந்த நேரத்தில் விலை கூடிய மெஷினை என் தலையில் கட்டியிருக்கலாம். மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என் கையில் தந்தாள்.

"முதலில் இதால் கீறு. கையைத் தூக்காமல் கீறு. பிறகு வா," என்றாள்.

திங்கட்கிழமை காலை கணவர் விண்ணப்பத்தை என் கைப்பைக்குள் வைத்தார். கையெழுத்து வைத்து, நகரத்துக்குள் இருக்கும் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். பியர்பொன்ட்ஸிலிருந்து எங்கே போவதென்றாலும் பஸ்ஸில் பாதி ஆயுள் போகும். இருக்கை கிடைத்ததும் கைப்பையைத் திறந்தேன். பென்சில் இருந்தது. கீறுவதற்கு வேறு தாள் இல்லை. முதல் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

பொக்கற்தான் வந்தது. வேண்டுமென்று வட்டம் கீறினேன், வட்டத்துக்கு மூலை வந்தது. அழித்தேன். அலை கீறினேன், அது ஒரு பொக்கற்றிலிருந்து இன்னொரு பொக்கற்றுக்குத் தாவியது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ்ஸிலிருந்து மாறி ஏறிய மெற்றோ ரயிலில் அலுவலகம் இருந்த நிலையம் வந்தது. கதவு திறந்தது, மூடியது. நான் இறங்கவில்லை. மாறி மஞ்சள் கோட்டில் ஏறி, ஆற்றுக்குக் கீழால் லொங்குய்ய் போய்விட்டேன்.

அந்த மாதம் மூன்று தரம் அப்படிப் போனேன். வீட்டில் கேட்டால், "அங்க சரியான சனம். இன்னொரு நாளைக்கு வரச் சொன்னவை," என்றேன். கணவர் ஒரு சந்தேகமும் படவில்லை. அரசாங்க அலுவலகம் என்றால் எங்கள் ஆட்கள் எந்தப் பொய்யையும் நம்புவார்கள்.

கடைக்காரி எனக்கு ஆள் இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் மெஷினை விட்டுத் தருவாள். சேர்ந்து நின்று கற்றுக்கொடுக்கிற வழக்கமெல்லாம் அவளிடம் இல்லை. தன்பாட்டில் பெட்டி உடைத்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சிக்கல் அந்த மூலையில்தான் இருந்தது. பொக்கற்றின் கீழ் மூலை வந்ததும் கை தானாக நின்றுவிடும். தோள் இறுகும். நிற்காமல் அந்த இடத்தைத் தாண்டிப் போவதற்கு எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. இதைச் சொன்னால் மண்டபத்துப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்குத் தகும்.

மூன்றாவது தரம் போன நாள் பஸ்ஸில், எட்டாவது தாளின் பின்பக்கத்தில், பூவும் வேண்டாம் இலையும் வேண்டாம் என்று வெறுத்துப்போய் என் பெயரைத் தமிழில் எழுதினேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் பென்சிலைத் தூக்காமல் எழுதினேன். சுழி வந்து சுழியில் சேர்ந்து, கொம்பு வளைந்து அடுத்த எழுத்துக்குள் இறங்கியது. மூலையே வரவில்லை. பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்தில் எனக்கு இருந்தது ஒரு இலக்கம். துணிக் கட்டோடு வரும் துண்டுச் சீட்டில், சம்பளக் கடித உறையில், எல்லாவற்றிலும் அந்த இலக்கம்தான். என் பெயரை நான் கடைசியாக எப்போது இவ்வளவு பெரிதாக எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. பஸ்ஸுக்குள் அழுகை வந்துவிட்டது. குளிருக்கு மூக்கு ஒழுகுகிற மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

கடையில் அதையே மெஷினால் கீறினேன். துணியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை போனது. கடைக்காரி பெட்டியை விட்டுவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது என்ன கொடி?" என்று கேட்டாள்.

"என் பெயர்," என்றேன்.

அவள் போய்க் கொம்பியூட்டரில் இருந்த வடிவங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள். இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். ஒரு விற்பனைக்காரி செய்யக்கூடாத வேலை, ஆனால் செய்தாள்.

கையால் ஓட்டும் மெஷினைச் சொன்னேன். கொம்பியூட்டர் வேண்டாம். தையல் அளவைப் பார்க்கும் கருவி வேண்டும், அந்த விஷயத்தில் என் திமிர் அடங்கிவிட்டது. பன்னிரண்டடிச் சட்டமும் இருந்தது. எங்கள் பேஸ்மன்ட்டின் நடுவில் ஒரு இரும்புத் தூண் நிற்கிறது, அதிலிருந்து சுவர் வரை நான் நூல் பிடித்து அளந்திருந்தேன். பத்தடிதான் கொள்ளும். தொழிற்சாலை மூடும்போது தந்த காசில் முற்பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாதத்தின் கடைசி நாள். கணவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டார்.

"பேப்பர் குடுத்தாச்சோ?"

நான் கைப்பையிலிருந்து எட்டுத் தாளையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் குசினி வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். தன்னுடைய பெரிய எழுத்து. என் வயது, என் அனுபவம், என் அளவுகடந்த அன்பு. கடைசித் தாளில் அந்த வெற்றுக் கோட்டில் விரலை வைத்தார்.

"இஞ்சாரும், நீர் கையெழுத்தே வைக்கேல்லை!"

"வைச்சனான்," என்றேன். "மற்றப் பக்கம் பாருங்கோ."

தாளைத் திருப்பினார். பிறகு ஏழாவதைத் திருப்பினார், ஆறாவதைத் திருப்பினார், பின்பக்கமாகவே முதல் தாள் வரை போனார். அங்கே அந்த முதல் நாள் பொக்கற்றுகள் மூலை மூலையாக நின்றன. திரும்ப எட்டாவது தாளுக்கு வந்தார். அதை மேசையில் வைத்து மடிப்பை உள்ளங்கையால் நீவினார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நாலு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"பேஸ்மன்ட்டில அந்தத் தூண் இடிக்காதே?" என்று கேட்டார்.

"இடிக்காது," என்றேன். "அளந்திட்டன்."